முதல் கேமிங் பிசி, நானே அசம்பிள் பண்றேன் – பி650 போர்டுக்கு எந்த ரேம் செட் ஆகும்? (ஏற்காடு / சேலம்)

நாகலூர்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். வீடு ஏற்காடு பக்கம் நாகலூர், வேலை சேலத்துல. ரொம்ப நாளா சேர்த்து வெச்ச காசுல இப்ப தான் சொந்தமா ஒரு கேமிங் பிசி போடறேன், கடையில அசம்பிள் பண்ணி வாங்காம நானே வீட்ல உக்காந்து ஒவ்வொண்ணா மாட்டணும்னு ஆசை. எல்லா பார்ட்டும் முடிவாயிடுச்சு, ரேம் ஒண்ணுல மட்டும் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

பிராசசர் ரைஸன் 5 7600, கூட வர்ற கூலரே போதும்னு இருக்கேன். மதர்போர்டு பி650எம், நாலு ரேம் ஸ்லாட். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) 650 வாட். மானிட்டர் 1080பி, 165 ஹெர்ட்ஸ். விளையாடறது முக்கால்வாசி வேலரண்ட், சிஎஸ்2, நடுவுல பெரிய ஸ்டோரி கேம்ஸ் கொஞ்சம்.

குழப்பம் என்னன்னா, ஃப்ரெண்டு ஒருத்தன் அவன் பழைய சிஸ்டத்துல இருந்து கழட்டின டிடிஆர்4 3200 எட்டு ஜிபி ஸ்டிக் ரெண்டு சும்மாவே தரேங்கறான், அத போட முடியுமா? ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில கேட்டேன், அவரு இப்போதைக்கு 16 ஜிபி டிடிஆர்5 5200 ஒரே ஒரு ஸ்டிக் போட்டுக்கோ தம்பி, காசு வந்ததும் அதே மாதிரி இன்னொண்ணு போட்டா 32 ஆயிடும்னு சொல்றாரு. ஆன்லைன்ல பார்த்தா 6000 சிஎல்30, 6000 சிஎல்36, 5600 சிஎல்40னு வரிசையா இருக்கு, விலையும் ஏறிட்டே போகுது, சில டப்பால எக்ஸ்எம்பின்னு போட்டிருக்கு சிலதுல எக்ஸ்போன்னு போட்டிருக்கு. எத பார்த்து வாங்கறது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, ஒரு தடவை தான் வாங்க முடியும்.

---

அஸ்தம்பட்டி_பில்டர்

தம்பி வாழ்த்துக்கள், நீங்களே மாட்டணும்னு நெனச்சதே நல்ல விஷயம். ஒவ்வொண்ணா வரேன்.

ஃப்ரெண்டு தர்ற டிடிஆர்4 உங்க போர்டுல போகவே போகாது. உங்க பிராசசர் உக்காரற ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டும் தான், ஏஎம்டி 2022ல அந்த சாக்கெட் விட்டப்பவே டிடிஆர்4 சப்போர்ட்ட சுத்தமா எடுத்துட்டாங்க. ரெண்டு ஸ்டிக்லயும் 288 பின் தான், நீளமும் ஒண்ணு தான், அதனால பார்த்தா ஒரே மாதிரி தெரியும். ஆனா அடியில தங்கக் கலர் பின்னுக்கு நடுவுல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, அந்த வெட்டு ரெண்டுக்கும் வேற வேற இடத்துல இருக்கு. ஸ்லாட் நடுவுல இருக்கற மேடு அந்த வெட்டுல உக்காரலைன்னா அது உங்க ரேம் இல்லைன்னு அர்த்தம், அதுக்கு மேல அமுக்கக் கூடாது. இன்டெல் 12, 13, 14ஆம் ஜெனரேஷன்ல தான் டிடிஆர்4 போர்டு, டிடிஆர்5 போர்டுன்னு ரெண்டு விதமாவும் கிடைக்கும். அதனால தான் நெட்ல "டிடிஆர்4 போதும்"னு நிறைய பேர் எழுதியிருப்பாங்க, அது உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து ஸ்பீடு. ரைஸன் 7000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்ற அளவு 5200. ஆனா அவங்களே 6000 தான் இந்த பிராசசருக்கு நல்லா பொருந்தும்னு அறிமுகம் பண்ணப்ப சொன்னாங்க. காரணம், 6000 வரைக்கும் மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒரே தாளத்துல ஓடும், 6400 தாண்டினா பெரும்பாலும் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிடும். அதோட 7600 உள்ள கோர் இருக்கற சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல இருக்கற பாதை 2000 மெகாஹெர்ட்ஸ் சுத்துல ஓடறதால செகண்டுக்கு 64 ஜிகாபைட் கிட்ட தான் வாசிக்க முடியும். அதனால 7200, 8000னு காசக் கொட்டறது இந்த சிஸ்டத்துக்கு வீண்.

சிஎல் நம்பர (கேட்ட டேட்டாவ ரேம் தர்றதுக்கு எத்தனை சுத்து ஆகும்ங்கற கணக்கு) தனியா பார்த்து ஏமாறக் கூடாது, ஸ்பீடோட சேர்த்து பார்க்கணும். சிஎல்ல 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா நானோசெகண்ட் வந்துடும். 6000 சிஎல்30க்கு 10, 6000 சிஎல்36க்கு 12, 5600 சிஎல்40க்கு 14க்கு மேல. கம்மியா இருந்தா நல்லது. சிஎல்30க்கும் சிஎல்36க்கும் விலை கிட்டத்தட்ட இருந்தா 30 எடுங்க, ரொம்ப தள்ளி இருந்தா 36 எடுத்துட்டு நிம்மதியா இருங்க, விளையாடும்போது கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் இல்ல.

எக்ஸ்எம்பி இன்டெல் கொண்டு வந்தது, எக்ஸ்போ ஏஎம்டி. ரெண்டுமே ரேம் உள்ள எழுதி வெச்சிருக்கற செட்டிங் தான், பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங் பக்கம்) போய் ஆன் பண்ணா அந்த ஸ்பீடு, டைமிங், வோல்டேஜ் மொத்தமா ஏறிக்கும். எக்ஸ்எம்பி மட்டும் போட்ட கிட்டும் பி650ல பெரும்பாலும் ஓடும். ஆனா புதுசா வாங்கறவரு எதுக்கு ரிஸ்க் எடுக்கணும், எக்ஸ்போ போட்டதையே வாங்குங்க.

கடைசியா, வாங்கறதுக்கு முன்னாடி போர்டு கம்பெனி வெப்சைட்ல உங்க மாடல் பக்கத்துக்குப் போய் சப்போர்ட்ல மெமரி க்யூவிஎல் லிஸ்ட (அவங்க டெஸ்ட் பண்ணிப் பார்த்த ரேம் பட்டியல்) திறங்க. அதுல பார்ட் நம்பர் ஒரு எழுத்து மாறாம இருக்கணும், 'அதே பிராண்டு தானே'ன்னு விட்டுடாதீங்க. லிஸ்ட்ல இல்லாத ரேம் ஓடாதுன்னு இல்ல, எல்லாத்தையும் அவங்க டெஸ்ட் பண்ண மாட்டாங்க, ஆனா இருந்தா தைரியமா வாங்கலாம்.

ஒரே ஸ்டிக் விஷயத்துல கடைக்காரர் சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு ஸ்டிக் இருக்கற கிட்டா வாங்குங்க, 16 ரெண்டு.

---

செவ்வாய்ப்பேட்டை_ராக்ஸ்

பில்டர் அண்ணா சொல்றது எல்லாம் சரி தான், ஆனா இப்ப ரேம் விக்கற விலைய பார்த்தீங்களா? 2025 கடைசில இருந்து ஏற ஆரம்பிச்சது. ஏஐ சர்வருக்கே மெமரி எல்லாம் போகுது, மைக்ரான் அவங்க க்ரூஷியல் பிராண்ட கடைக்கு விக்கறதையே நிறுத்தறோம்னு டிசம்பர்ல அறிவிச்சாங்க. இந்த நிலைமைல ஒரு மாசச் சம்பளக்காரப் பையன்கிட்ட 32 ஜிபி கிட் வாங்குன்னு சொல்றது நியாயமா. வேலரண்ட், சிஎஸ்2க்கு 16 தாராளம். ஒரே ஸ்டிக் போட்டு ஆரம்பிக்கட்டும், விலை இறங்கினதும் இன்னொண்ணு போட்டுக்கட்டும், மூணு ஸ்லாட் காலியா தானே இருக்கு. கடைக்காரர் ஏமாத்தல, பையன் பாக்கெட்ட பார்த்து தான் சொல்லியிருக்காரு.

---

ஓமலூர்_ரோடு_சர்வீஸ்

கடைக்காரர் ஏமாத்தறாருன்னு யாரும் சொல்லலீங்க, ஆனா இவரு விளையாடற கேமுக்கு தான் அந்த யோசனை ஒத்து வராது. வேலரண்ட், சிஎஸ்2 ரெண்டும் 1080பில கிராபிக்ஸ் கார்ட விட பிராசசரத் தான் அதிகமா வேலை வாங்கும், பிராசசர் ரேமுக்காகக் காத்திருந்தா ஃப்ரேம் நேரா அடிவாங்கும். 5200 ஸ்டிக் ஒண்ணுன்னா காகிதக் கணக்குலயே செகண்டுக்கு 41.6 ஜிகாபைட், 6000 ரெண்டு ஸ்டிக்னா 96. பில்டர் சொன்ன அந்த 64 பாதையையே ஒரு ஸ்டிக்கால ரொப்ப முடியாது. ஆவரேஜ் ஃப்ரேம் கூட பரவால்ல, நடுவுல திடீர்னு இறங்கி திக்குதே அது தான் கடுப்பு. 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு இத அனுபவிக்கறது பாவம். பேரு எக்ஸ்3டின்னு முடியற ரைஸன் பிராசசரா இருந்தா உள்ளயே பெரிய கேஷ் (வேகமான குட்டி மெமரி) இருக்கு, ரேம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் சமாளிக்கும், 7600ல அந்த வசதி இல்ல.

அப்புறம் "அதே மாதிரி இன்னொண்ணு" விஷயம். ஆறு மாசம் கழிச்சு அதே பிராண்டு, அதே மாடல் பேரு, அதே ஸ்பீடு வாங்கினாலும் உள்ள இருக்கற சிப்பு ஹைனிக்ஸா, சாம்சங்கா, மைக்ரானான்னு மாறியிருக்கலாம், கம்பெனிக்காரங்க சொல்லாமயே மாத்துவாங்க. எங்க சர்வீஸ் டேபிளுக்கு வர்ற "கேம் நடுவுல ஆஃப் ஆகுது, நீல ஸ்க்ரீன் வருது" கேஸ்ல தனித்தனியா வாங்கின ரேம் ஜோடிய நிறைய பார்க்கறேன். ஒவ்வொண்ணா தனியா போட்டா ரெண்டும் நல்லா ஓடும், சேர்த்துப் போட்டு எக்ஸ்போ ஆன் பண்ணா நிக்காது. ரேம்ல குத்தம் சொல்லவும் முடியாது, வாரண்டில மாத்தவும் முடியாது. கிட்டுன்னா கம்பெனிலயே ரெண்டையும் ஒண்ணா ஓட்டிப் பார்த்து ஒரே டப்பால போட்டது.

நாலு ஸ்லாட் இருக்குன்னு நாலும் ரொப்பற ஆசையும் வேண்டாம். ரைஸன் 7000ல நாலு ஸ்டிக் போட்டா ஏஎம்டி உத்தரவாதம் தர்ற ஸ்பீடு 3600 தான். அதுக்கு மேல போனா உங்க அதிர்ஷ்டம்.

செவ்வாய்ப்பேட்டை தம்பி பட்ஜெட் பத்தி சொன்னது உண்மை, அத நான் தள்ளல. கையில காசு 16க்கு மேல வரவே வராதுன்னா எட்டு ஜிபி ரெண்டு இருக்கற கிட் எடுங்க. டிடிஆர்5ல எட்டு ஜிபி ஸ்டிக்ல சிப்பு நாலே நாலு தான், சிப்பு உள்ள மெமரிய பிரிச்சு வெச்சிருக்கற பேங்க் க்ரூப்பும் பாதி, அதனால 16 ரெண்டுக்கு கொஞ்சம் பின்னாடி தான் நிக்கும், ஆனாலும் ஒத்த ஸ்டிக்குக்கு எவ்வளவோ மேல். காசு கொஞ்சம் நீட்ட முடிஞ்சா 16 ரெண்டு தான், பெரிய ஸ்டோரி கேம் நிறைய இப்ப 16 ஜிபிய சிபாரிசு அளவுன்னே போடறாங்க, பின்னாடி டிஸ்கார்டும் பிரவுசரும் திறந்திருந்தா 16 இடிக்கும். ஆர்ஜிபி லைட் இல்லாத மாடலா பாருங்க, அதுலயே கொஞ்சம் மிச்சம் ஆகும். உயரமும் கம்மி, நாளைக்கு பெரிய டவர் கூலர் மாட்டினாலும் இடிக்காது.

---

செவ்வாய்ப்பேட்டை_ராக்ஸ்

எட்டு ரெண்டு யோசனைய ஒத்துக்கறேன், அத நான் நெனைக்கல. ஆனா அப்படி வாங்கினா பின்னாடி 32க்கு போகும்போது அந்த ரெண்டையும் வித்துட்டு தான் போகணும், அதையும் பையனுக்கு சொல்லிடுங்க.

---

ஓமலூர்_ரோடு_சர்வீஸ்

ஆமாங்க, அது உண்மை. டிடிஆர்5க்கு இப்ப இருக்கற கிராக்கில விக்கறது கஷ்டம் இல்ல, பில்லும் டப்பாவும் பத்திரமா வெச்சிருந்தா போதும். கிட் வாரண்டிக்கு அனுப்பும்போது ஒரு ஸ்டிக் மட்டும் கெட்டிருந்தாலும் ரெண்டையும் சேர்த்து தான் கேப்பாங்க, அதுக்காகவும் டப்பாவ தூக்கிப் போடாதீங்க.

---

ஒண்டிக்கடை_அக்கா

தம்பி நானும் ஏற்காடு தான், வீட்ல ரெண்டு பிசி ஓடுது. ரேம் பத்தி இவங்க சொன்னதுக்கு மேல எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, மலை மேல இருக்கறதால சில விஷயம் சொல்றேன்.

கீழ யாராவது அசம்பிள் பண்ணித் தந்தா கிராபிக்ஸ் கார்ட கழட்டி தனியா டப்பால வெச்சு எடுத்துட்டு வா. இருவது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ல அது குலுங்கி ஸ்லாட்ட அசைச்சிடும். நீ மேல வந்து மாட்டறதா இருந்தா பிரச்சனையே இல்ல, போர்டு ரேம் எல்லாம் அதோட கவர்லயே வரட்டும், மடியில வெச்சுக்கோ.

அப்புறம் கரண்ட். நம்ம ஊர்ல சாயங்காலம் இடி மழைன்னா எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாது, யூபிஎஸ் இல்லாம கேமிங் பிசி வைக்காத. டப்பால 600 விஏன்னு போட்டிருக்கறது வாட்ல பார்த்தா பெரும்பாலும் 360 தான் வரும், வாட் எவ்வளவுன்னு கேட்டு வாங்கு. உன் கார்டு 115 வாட், பிராசசர் 88 வரைக்கும் இழுக்கும், மானிட்டர் மத்ததெல்லாம் சேர்த்து 1000 விஏ எடுத்தா கவலை இல்ல. பயாஸ் அப்டேட் பண்றதா இருந்தா வானம் தெளிவா இருக்கற காலையில பண்ணு, பாதில கரண்ட் போனா போர்டு போயிடும். கேபினெட்ட ஜன்னல் ஓரமா வைக்காத, பனி நேரா உள்ள வரும், மழை மாசத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவையாவது ஆன் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடு.

---

நாகலூர்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. வீட்ல பேசி கொஞ்சம் காசு சேர்த்து 16 ரெண்டு கிட்டே வாங்கிட்டேன், 6000 சிஎல்36, எக்ஸ்போ, லைட் இல்லாத குட்டை மாடல், க்யூவிஎல் லிஸ்ட்ல பார்ட் நம்பர் அப்படியே இருந்துச்சு.

இன்னைக்கு காலையில இருந்து மாட்டி முடிச்சு இப்ப தான் ஆன் பண்ணேன், ஃபேன் எல்லாம் சுத்துது ஆனா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல, போர்டு ஓரத்துல டிராம் (DRAM)னு எழுதியிருக்கற இடத்துல ஆரஞ்சு லைட் எரிஞ்சிட்டே இருக்கு. கை கால் ஓடல. ரேம் போயிடுச்சா? ஸ்லாட்ல ஒரு பக்கம் தான் கிளிப் இருக்கு, இன்னொரு பக்கம் அசையவே மாட்டேங்குது, அதனால சரியா உக்காரலையோன்னும் சந்தேகமா இருக்கு.

---

அஸ்தம்பட்டி_பில்டர்

தம்பி பயப்படாதீங்க, ஆஃப் பண்ணாதீங்க, அப்படியே விடுங்க. ஏஎம்5ல முதல் தடவை ஆன் பண்ணும்போது போர்டு ரேமோட பேசி பழகி டைமிங் எல்லாம் தானா கண்டுபிடிக்கும், மெமரி ட்ரெய்னிங்னு பேரு. 32 ஜிபிக்கு சில நிமிஷம் ஆகும், அது வரைக்கும் ஸ்க்ரீன் கருப்பா தான் இருக்கும், டிராம் லைட்டும் எரியும். நடுவுல தானா ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனாலும் ஆகும். நிறைய பேர் இந்த இடத்துல பதறி ஸ்விட்ச அணைச்சு அணைச்சு போடுவாங்க, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

கால் மணி நேரம் ஆகியும் வரலைன்னா மட்டும் மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டு பாருங்க. பிராசசர் பக்கத்துல இருந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட்லயும் நாலாவது ஸ்லாட்லயும் ரேம் இருக்கணும், போர்டுல ஏ2, பி2ன்னு பொடியா எழுதியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் இருக்கறது பல போர்டுல அப்படித் தான். கிளிப் இல்லாத பக்கத்த முதல்ல நேரா நுழைச்சு அப்புறம் ரெண்டு பக்கமும் கட்டை விரலால சமமா அமுக்கணும், டக்குனு சத்தம் வந்து கிளிப் தானா மூடிக்கும். பக்கவாட்டுல குனிஞ்சு பார்த்தா தங்க பின்னு வெளிய தெரியக் கூடாது, ஸ்டிக்கோட மேல் விளிம்பு ரெண்டு முனையிலயும் ஒரே மட்டமா இருக்கணும்.

---

நாகலூர்_பையன்

வந்துடுச்சு அண்ணா!! டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ஸ்க்ரீன் வந்துச்சு, அம்மாவ எல்லாம் கூப்பிட்டு காட்டிட்டேன். ரேம் ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல தான் இருக்கு. 32 ஜிபி காட்டுது, ஆனா ஸ்பீடு 4800ன்னு தான் இருக்கு, 6000 வரல. ஏமாத்திட்டாங்களா?

---

ஓமலூர்_ரோடு_சர்வீஸ்

இல்லீங்க, எக்ஸ்போ ஆன் பண்ணாத வரைக்கும் 4800ல தான் ஓடும், அது பொதுவான ஸ்டாண்டர்டு ஸ்பீடு. இப்படியே வருஷக்கணக்கா 4800ல ஓட்டிட்டு இருக்கறவங்க எத்தனையோ பேர் சேலத்துல இருக்காங்க, கடையில அசம்பிள் பண்ணித் தந்த சிஸ்டத்துல கூட ஆன் பண்ணாம விட்டுடறாங்க.

ஆனா ஆன் பண்றதுக்கு முன்னாடி பயாஸ் தேதி பாருங்க. 2023 நடுவுக்கு முன்னாடி பயாஸா இருந்தா முதல்ல அப்டேட். அந்த வருஷம் சில எக்ஸ்3டி பிராசசர் கருகினதுக்கு அப்புறம் பிராசசர் உள்ள மெமரி கன்ட்ரோலர் பக்கம் போற எஸ்ஓசி வோல்டேஜ் 1.3க்கு மேல போகாத மாதிரி ஏஎம்டி பூட்டு போட்டாங்க, அதுக்கு முன்னாடி பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணா சில போர்டு அதுக்கு மேலயும் குடுத்துச்சு. புது பயாஸ்ல மெமரி பொருத்தமும் நல்லா முன்னேறியிருக்கு. அக்கா சொன்ன மாதிரி மழை இல்லாத நேரமா பாருங்க. எக்ஸ்போவும் கணக்குப்படி ஓவர்க்ளாக் தான், 5200க்கு மேல ஏஎம்டி பொறுப்பேத்துக்க மாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க.

ஆன் பண்ணி சேவ் பண்ணதும் மறுபடியும் ட்ரெய்னிங் ஓடும், மறுபடியும் கருப்பு ஸ்க்ரீன், பதறாதீங்க. விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜர்ல 6000 காட்டும். சிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தா 3000ன்னு வரும், அது பாதி இல்ல, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை டேட்டா போறதால அந்த 3000 தான் 6000. ராத்திரி தூங்கப் போகும்போது ரேம சோதிக்கற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர பென் டிரைவ்ல போட்டு ஓட விடுங்க, காலையில ஒரே ஒரு எரர் வந்திருந்தாலும் எங்களுக்கு சொல்லுங்க. கேம்ல கிராஷ் ஆகலையேன்னு விடக் கூடாது, ரேம் எரர் மெதுவா விண்டோஸ் ஃபைல கெடுக்கும்.

---

நாகலூர்_பையன்

பயாஸ் 2024 தேதி இருந்துச்சு அண்ணா, எக்ஸ்போ ஆன் பண்ணிட்டேன், டாஸ்க் மேனேஜர்ல 6000 வந்துடுச்சு. மெம்டெஸ்ட் விடிய விடிய ஓடிச்சு, எரர் இல்ல. வேலரண்ட் சும்மா பறக்குது. ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் லோகோ வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகுது, இது இப்படித் தான் இருக்குமா?

---

அஸ்தம்பட்டி_பில்டர்

ஒவ்வொரு தடவையும் ட்ரெய்னிங் பண்ணுது, அதான். பயாஸ்ல மெமரி செட்டிங் உள்ள மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு (போன தடவை ட்ரெய்னிங்ல கண்டுபிடிச்சதையே மறுபடி எடுத்துக்கறது) இருக்கும், எனேபிள் பண்ணுங்க, கூடவே பவர் டவுன் எனேபிளையும் ஆன் பண்ணிடுங்க, இல்லைன்னா சில போர்டுல ஸ்டெபிளா நிக்காது. அதுக்கப்புறம் மெம்டெஸ்ட் இன்னொரு தடவை ஓட்டிடுங்க.